கல்லூரிக் கால்பந்தின் பெரிய அணிகள் தனி லீக் அமைத்துப் பிரியலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது எந்தக் கால்பந்து?

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அதிலும் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் அல்ல. ஆகஸ்ட் இறுதியில் தொடங்கிப் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக அணிகள் மோதும் ஆட்டம். நம் ஊர்க் கல்லூரி விளையாட்டு விழாவை மனத்தில் வைத்துக்கொண்டு இதை அளக்க முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் அமரலாம். ஒஹாயோ ஸ்டேட், பென் ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம், டென்னசி ஆகியவற்றின் மைதானங்களும் ஒரு லட்சத்தைத் தாண்டியவை. 2023-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் தலைமைப் பயிற்சியாளரை ஒப்பந்தம் முடியும் முன்பே நீக்கியபோது, அவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கும் அதிகம்.

நேரடியாகச் சொல்லுங்கள்: பிரியலாமா, கூடாதா?

பிரியலாம், ஆனால் கால்பந்து மட்டுமே பிரிய வேண்டும். பிரிந்த பிறகு கீழே இருப்பவர்கள் ஏறி வர வழி இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் முப்பது நாற்பது பணக்காரப் பல்கலைக்கழகங்கள் கூடிச் சுவர் எழுப்பிக்கொள்வதென்றால், அது வெளியே நிற்பவர்களை மட்டுமல்லாமல் உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேரையும் வருந்த வைக்கும். ஏன் என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

அணிகள் இப்போது எப்படி அமைந்திருக்கின்றன?

கல்லூரி விளையாட்டின் பொது அமைப்பு என்சிஏஏ. கால்பந்தில் அதன் மேல்தட்டுக்கு எஃப்பிஎஸ் என்று பெயர். 2025 சீசனில் அதில் 136 அணிகள் ஆடின. இவை ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. ஆட்ட அட்டவணையையும் தொலைக்காட்சி ஒப்பந்தத்தையும் முடிவு செய்வது என்சிஏஏ அல்ல, இந்தக் கூட்டமைப்புகளே. 18 உறுப்பினர்கள் கொண்ட பிக் டென், 16 உறுப்பினர்கள் கொண்ட எஸ்இசி ஆகிய இரண்டும் உச்சியில் இருக்கின்றன. ஏசிசியும் பிக் 12-உம் அடுத்த படியில் நிற்கின்றன. நோட்டர் டேம் கால்பந்தில் எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல், என்பிசி தொலைக்காட்சியுடன் 1991 முதல் தனக்கென்றே ஓர் ஒப்பந்தம் வைத்துக்கொண்டு தனியாக ஆடிவருகிறது. மீதமுள்ளவை சிறிய கூட்டமைப்புகள். தேசியப் பட்டத்தை முடிவு செய்யும் 12 அணிகளின் பிளேஆஃப் போட்டியை நடத்துவதும் என்சிஏஏ அல்ல. கல்லூரிக் கூடைப்பந்தின் புகழ்பெற்ற மார்ச் மாதப் போட்டிக்கு உரிமையாளரான அந்த அமைப்புக்கு, கால்பந்தின் மிகப் பெரிய பரிசில் பங்கே இல்லை என்பது இந்த விவாதத்துக்குள் புதிதாக நுழைபவர்களை எப்போதும் திகைக்க வைக்கும்.

பிரிந்துபோகும் எண்ணம் எப்போது தோன்றியது?

அது இன்று நேற்றுத் தோன்றியதல்ல. 1970-களில் எந்த அணியின் ஆட்டம் எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதை என்சிஏஏ தான் முடிவு செய்துவந்தது. எல்லோரும் தினமும் திரையில் தெரிந்தால் மைதானத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பெரிய அணிகளுக்கு இது பிடிக்கவில்லை. 1977-இல் அவை ‘காலேஜ் ஃபுட்பால் அசோசியேஷன்’ என்ற தனிச் சங்கமாகத் திரண்டன. அடுத்த ஆண்டே என்சிஏஏ தன் முதல் பிரிவை இரண்டாகப் பிளந்து, பெரியவர்களுக்கு ஒரு தட்டும் மற்றவர்களுக்கு ஒரு தட்டும் ஏற்படுத்தியது. அதன் பிறகும் தணியாத அந்தச் சங்கத்தினர் 1981-இல் என்பிசியுடன் தாங்களே ஒப்பந்தம் பேசினர். என்சிஏஏ தண்டிப்பதாக எச்சரித்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் நீதிமன்றம் சென்றன.

1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏழு நீதிபதிகளுக்கு இரண்டு பேர் என்ற பிளவோடு, என்சிஏஏயின் தொலைக்காட்சிக் கட்டுப்பாடு போட்டியை முடக்கும் ஏகபோகம் என்று தீர்ப்பளித்தது. மாறுபட்ட இருவரில் ஒருவரான பைரன் வைட், கொலராடோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கால்பந்து வீரராக இருந்தவர். கல்லூரி விளையாட்டைக் கடைச்சரக்கைப் போல மட்டும் பார்க்கக் கூடாது என்பது அவர் தரப்பின் சாரம். சட்டப்படி அவர் தோற்றார்; அதற்குப் பின் நடந்தவற்றைப் பார்க்கும்போது, அவர் அஞ்சியதில் பொருள் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தீர்ப்பு வந்ததும் ஒரு வேடிக்கையும் நடந்தது. விற்க வந்த ஆட்டங்கள் ஒரேயடியாகப் பெருகியதால், ஓர் ஆட்டத்துக்குக் கிடைத்த விலை விழுந்துவிட்டது. விலையை மீண்டும் உயர்த்த வேண்டுமானால் நல்ல அணிகளைத் தங்கள் பக்கம் இழுக்க வேண்டும் என்று கூட்டமைப்புகள் கற்றுக்கொண்டன. 1990-களின் தொடக்கத்தில் ஆர்கன்சாவையும் தென் கரோலினாவையும் சேர்த்துக்கொண்ட எஸ்இசி, 1992-இல் தனக்கென்று ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டத்தைத் தொடங்கியது. ஆர்கன்சாவை இழந்த சவுத்வெஸ்ட் கூட்டமைப்பு 1996-இல் கலைந்தே போயிற்று.

அப்படியானால் பிரிவு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டதா?

பெயரளவில் இல்லை, பண அளவில் நடந்துவிட்டது. 2021 ஜூலையில் டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12-ஐ விட்டு எஸ்இசிக்குச் செல்ல முடிவெடுத்தன. 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸின் யுஎஸ்சியும் யுசிஎல்ஏயும் பிக் டென்னில் சேர்வதாக அறிவித்தன. 2023-இல் ஓரிகனும் வாஷிங்டனும் அவற்றைப் பின்தொடர்ந்ததும், 1915-இல் வேர் கொண்ட பசிபிக் கடற்கரைக் கூட்டமைப்பான பேக்-12 ஒரே கோடைக்காலத்தில் சரிந்து, ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டு உறுப்பினர்களோடு நின்றது. பிக் டென் 2022-இல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகியவற்றுடன் செய்த ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். இந்த இடமாற்றங்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

பிளேஆஃப் பணத்தைப் பாருங்கள். 2026 முதல் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி ஆறு ஆண்டுகளுக்கு 780 கோடி டாலர் தருகிறது. அதில் பிக் டென்னுக்கும் எஸ்இசிக்கும் தலா ஏறத்தாழ 29 சதவீதம், ஏசிசிக்கு ஏறத்தாழ 17, பிக் 12-க்கு ஏறத்தாழ 15. சிறிய கூட்டமைப்புகள் அனைத்தும் சேர்ந்து பெறுவது ஏறத்தாழ 9 சதவீதம். 136 பேர் அமர்ந்த பந்தியில் 34 பேர் பாதிக்கும் மேற்பட்டதை எடுத்துக்கொண்ட பிறகு, தனிப்பந்தி போடலாமா என்று கேட்பதில் சிறிது நாடகம் இருக்கத்தான் செய்கிறது.

வெளிப்படையாக முன்வைக்கப்பட்ட திட்டங்கள் உண்டா?

உண்டு. 2024 ஏப்ரலில் வெளியான ஒன்று, பல்கலைக்கழகத் தலைவர்கள் சிலரும் விளையாட்டு நிர்வாகிகளும் சேர்ந்து உருவாக்கியது. பழைய ஐந்து பெரிய கூட்டமைப்புகளின் உறுப்பினர்கள் அனைவரும், நோட்டர் டேமும், எஸ்எம்யூவும் சேர்ந்து 70 அணிகள் நிரந்தர உறுப்பினர்கள். பத்துப் பத்தாக ஏழு பிரிவுகள். கீழ்த்தட்டிலிருந்து ஏறி வருபவர்களுக்காக எட்டாவது பிரிவு என்பது அதன் வடிவம். அதே ஆண்டு ஸ்மாஷ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம், 900 கோடி டாலர் வரை தனியார் பணத்தோடு 70 அணிகளுக்கான ‘ப்ராஜெக்ட் ரூடி’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பிக் டென் ஆணையர் டோனி பெட்டிட்டியும் எஸ்இசி ஆணையர் கிரெக் சாங்கியும் இவற்றில் ஆர்வம் காட்டவில்லை. ஏற்கெனவே பெரிய பங்கு கையில் இருப்பவர்கள் புதிய பங்கீட்டுக்கு ஏன் முன்வர வேண்டும்? பயிற்சியாளர்களில் சிப் கெல்லி 2023 இறுதியில், கால்பந்தை மற்ற விளையாட்டுகளிலிருந்து பிரித்து, பெரிய அணிகளை எல்லாம் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவரலாம் என்று பேசினார். என் பார்வையில் எல்லாத் திட்டங்களையும்விட அந்தப் பேச்சிலேயே தெளிவு அதிகம்.

சட்டம் இதில் எங்கே வருகிறது?

உண்மையில் இந்தக் கேள்வியின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. 2021-இல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக என்சிஏஏக்கு எதிராகத் தீர்ப்பளித்தது; அதே ஆண்டு ஜூலை முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு விற்றுப் பணம் பெறலாம் என்றாயிற்று. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த ஹவுஸ் வழக்குச் சமரசத்தின்படி, முன்னாள் வீரர்களுக்கு 280 கோடி டாலர் நிலுவை தர வேண்டும். அதோடு, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025-26-இல் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம். ஆக, வீரர்களுக்குச் சம்பளம் போன்ற ஒன்று வந்துவிட்டது. ஆனால் அதற்கு உச்சவரம்பு வைக்கவும், வீரர் ஒவ்வோர் ஆண்டும் அணி மாறுவதைக் கட்டுப்படுத்தவும் வலுவான சட்ட அடித்தளம் யாரிடமும் இல்லை. விதி போட்டால் வழக்கு, வழக்கு வந்தால் தடை என்பதே அண்மைக்கால நடைமுறை.

என்எஃப்எல் இந்தச் சிக்கலை இரண்டு வழிகளில் தவிர்க்கிறது. 1961-இன் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், தொழில்முறை லீகுகள் தங்கள் எல்லா அணிகளின் தொலைக்காட்சி உரிமையையும் ஒன்றாகச் சேர்த்து விற்க விலக்கு அளிக்கிறது. சம்பள வரம்பும் இடமாற்ற விதிகளும் வீரர் சங்கத்துடன் பேசி முடித்த ஒப்பந்தத்தில் வருவதால் ஏகபோகத் தடைச் சட்டம் அவற்றைத் தீண்டுவதில்லை. கல்லூரி அணிகளுக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை. டெக்சஸ் டெக் பல்கலைக்கழக நிர்வாகக் குழுத் தலைவர் கோடி கேம்ப்பெல், 1961 சட்டத்தைத் திருத்திக் கல்லூரிகளும் சேர்ந்து விற்க அனுமதிக்க வேண்டும் என்று 2025-இல் விளம்பரம் செய்தே வாதாடினார். 1984-இல் கூட்டு விற்பனையை உடைக்க எந்த ஏகபோகத் தடைச் சட்டத்தை ஆயுதமாக எடுத்தார்களோ, அதே சட்டத்திலிருந்து விலக்குக் கேட்டு இப்போது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

தனி லீக் அமைந்து, வீரர்களை ஊழியர்கள் என்று ஏற்று, அவர்களுடைய சங்கத்துடன் பேசினால் இரண்டாவது பாதுகாப்பு கிடைக்கும். பிரிவை ஆதரிக்க இதுவே மிக நேர்மையான காரணம் என்று கருதுகிறேன். ஆனால் அரசு ஊழியர் சங்கங்களுடன் ஒப்பந்தம் செய்வதை வட கரோலினா போன்ற மாநிலங்களின் சட்டம் தடுக்கிறது. பெரும்பாலான பெரிய அணிகள் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கே உரியவை. எனவே லீகைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே தனி நிறுவனமாக வைக்க வேண்டிவரும்.

கால்பந்து மட்டும் பிரிய வேண்டும் என்று வற்புறுத்துவது ஏன்?

ஏனெனில் இன்றைய ஏற்பாட்டில் மிகுந்த தண்டனை அனுபவிப்பவர்கள் கால்பந்து ஆடாதவர்கள். யுசிஎல்ஏயின் கால்பந்து அணி நியூ ஜெர்சியில் உள்ள ரட்கர்ஸுக்குச் சென்று ஆடுவது ஒரு சீசனில் ஓரிரு நெடும்பயணம். அதுவும் தனி விமானத்தில். கைப்பந்து அணியும் சாஃப்ட்பால் அணியும் வார நாட்களில், தேர்வுகளுக்கு இடையில், நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பறக்க வேண்டியிருக்கிறது. கால்பந்தின் தொலைக்காட்சி மதிப்புக்காக வரையப்பட்ட வரைபடத்தில் நீச்சல் வீராங்கனை ஏன் வாழ வேண்டும் என்பதற்கு நான் படித்தவரையில் யாரும் ஒழுங்கான பதில் தந்ததில்லை. கால்பந்தைத் தனியே எடுத்துவிட்டால் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் அட்லாண்டிக் கரையின் பெயர் தாங்கிய ஏசிசியில் இருக்க வேண்டியதில்லை. மற்ற விளையாட்டுகள் அனைத்தும் பக்கத்து மாநிலங்களோடு ஆடும் பழைய வட்டார அமைப்புக்குத் திரும்பலாம்.

ஆனால் பணம் சேர்ந்து பிரியக் கூடாது. அமெரிக்க ஒலிம்பிக் அணியில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கல்லூரி விளையாட்டில் வளர்ந்தவர்கள். அந்தப் பயிற்சிக் கூடங்களின் செலவில் பெரும்பகுதியைத் தாங்குவது கால்பந்து வருமானம்.

பெண்கள் விளையாட்டுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு என்னவாகும்?

கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-இன் ‘டைட்டில் நைன்’ சட்டம், அணி பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கும்வரை பொருந்தும். அணி தனி நிறுவனமாக மாறினால் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வழக்குகளில்தான் முடிவாகும். ஆகவே நிறுவன ஒப்பந்தத்திலேயே இதற்கான பங்கை எழுதிவைப்பது நல்லது.

பிரிவால் சிறிய அணிகளுக்கு என்ன இழப்பு?

முதல் இழப்பு நேரடியானது. பெரிய அணிகள் சீசனின் தொடக்கத்தில் சிறிய அணிகளைப் பணம் கொடுத்து வரவழைத்து ஆடுகின்றன. பெரும்பாலும் சிறியவர் அடிவாங்கி, காசோலையோடு ஊர் திரும்புவார். அந்தக் காசோலை அங்கே மற்ற அணிகளின் செலவுக்கு உதவும். 2007-இல் அப்பலாச்சியன் ஸ்டேட் அப்படி வந்த அணிதான். மிச்சிகனை அதன் சொந்த மைதானத்திலேயே 34-32 என்று வீழ்த்திவிட்டுப் போனது. 2024 செப்டம்பரில் நார்தர்ன் இல்லினாய் நோட்டர் டேமை 16-14 என்று வென்றது. அதே நோட்டர் டேம் அந்த சீசனில் தேசிய இறுதி ஆட்டம் வரை சென்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எதிர்த்தரப்பு இதற்குச் சொல்லும் பதிலையும் மறைக்கக் கூடாது. 2025 பிளேஆஃபில் இடம்பெற்ற சிறிய கூட்டமைப்பு அணிகளான டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் முதல் சுற்றிலேயே தோற்றன. டுலேன் 41-10 என்று பரிதாபமாக. இடைவெளி உண்மையானது. ஆனால் வீரர்களைப் பணத்தால் இழுக்கும் உரிமையைப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, இடைவெளி இருக்கிறது பாருங்கள் என்று சொல்வது நியாயமான வாதம் ஆகாது.

உள்ளே இருப்பவர்களுக்காவது நன்மைதானே?

பணத்தில் நன்மை, வெற்றியில் அல்ல. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் வென்றால் ஒருவர் தோற்க வேண்டும். அலபாமா 2008 முதல் 2023 வரை ஒவ்வொரு சீசனிலும் குறைந்தது பத்து வெற்றி கண்டது. அந்த வெற்றிக் கணக்கில் வலுக்குறைந்த விருந்தாளிகளுக்கும், எஸ்இசியின் கடைசி வரிசை அணிகளுக்கும் பங்கு உண்டு. முப்பத்திரண்டு பெரிய பெயர்கள் மட்டும் தங்களுக்குள் ஆடினால், சராசரி அணி பாதி ஆட்டங்களில் தோற்றே ஆக வேண்டும். நெப்ராஸ்காவோ டென்னசியோ ஆண்டுக்கு ஆறு தோல்வி என்று பத்தாண்டு ஆடினால், அந்தப் பெயருக்கு இன்று இருக்கும் சந்தை மதிப்பு அப்படியே இருக்குமா? என்எஃப்எல் ரசிகர்கள் அதைப் பொறுக்கிறார்கள். ஏனெனில் தோற்றவருக்கு அடுத்த ஆண்டு சிறந்த இளம் வீரரை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கிறது. கல்லூரியில் அப்படி எதுவும் இல்லை; பதினேழு வயது மாணவன் எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்று லீக் கட்டளையிட முடியாது.

இன்னொன்று, யார் பெரியவர் என்பதை எந்த ஆண்டில் தீர்மானிப்பது? இண்டியானா பல்கலைக்கழகம் நெடுங்காலம் மேல்தட்டில் அதிகத் தோல்வி கண்ட அணி என்ற பெயரைச் சுமந்தது. 2023-இல் வென்றது மூன்றே ஆட்டங்கள். அந்த ஆண்டு யாராவது முப்பது பெயர்களை எழுதியிருந்தால் இண்டியானா அதில் வந்திருக்காது. 2025 சீசனில் அதே இண்டியானா, கர்ட் சிக்னெட்டியின் பயிற்சியில், பிக் டென் இறுதியில் ஒஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று வென்று, ஆடிய பதினாறு ஆட்டங்களிலும் தோல்வியின்றித் தேசியப் பட்டத்தை எடுத்தது. மூடிய பட்டியலுக்கு எதிராக இதைவிட வலுவான சான்றை நான் தேட வேண்டியதில்லை.

பழைய பகைமை ஆட்டங்கள் என்னவாகும்?

சில ஏற்கெனவே போய்விட்டன. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் ஆண்டுதோறும் மோதிய ‘பெட்லம்’ ஆட்டம், ஓக்லஹோமா எஸ்இசிக்குப் போனதால் 2023 நவம்பரில் நின்றது. கடைசி ஆட்டத்தில் ஓக்லஹோமா ஸ்டேட் 27-24 என்று வென்றது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஓர் அணி, தங்கை இன்னோர் அணி என்று பிரிந்து நின்று ஆண்டு முழுவதும் வாய்ச்சண்டை போட்டுவந்த ஒரு மாநிலத்துக்கு, அலபாமாவின் வருகை அதற்கு ஈடாகாது. தேசிய அளவில் விற்கும் ஆட்டமும், ஊர்க்காரர்கள் மறக்க முடியாத ஆட்டமும் பல சமயம் வேறுவேறு.

ஐரோப்பிய சூப்பர் லீகுக்கு நேர்ந்தது இதற்கும் நேருமா?

2021 ஏப்ரல் 18-இல் பன்னிரண்டு ஐரோப்பியக் கால்பந்து கழகங்கள் தனி லீக் அறிவித்தன. ரசிகர்கள் தெருவில் இறங்கியதும், இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்துக் கழகங்களும் பின்வாங்கின. அமெரிக்காவில் அவ்வளவு எளிதில் கலையாது. ஏறி இறங்கும் முறைக்கே பழகாத நாடு அது. தொழில்முறை லீகுகள் எல்லாம் மூடியவை. மேலும், இங்கே பிரிவு ஓர் இரவில் அறிவிக்கப்படவில்லை; ஒவ்வோர் ஒப்பந்தமாக, மெல்ல நடந்திருக்கிறது. எதிர்த்து நிற்க ஒரு நாள் என்று குறிப்பிட்டுச் சொல்ல எதுவுமில்லை.

அரசியல்வாதிகள் மட்டும் குறுக்கே வரலாம். கலிஃபோர்னியாவில் யுசிஎல்ஏ, பெர்க்லி ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே ஆட்சிக்குழு என்பதால், யுசிஎல்ஏ பிக் டென்னுக்குப் போய்ப் பெற்ற ஆதாயத்திலிருந்து பெர்க்லிக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலர், மூன்று ஆண்டுகள் கொடுக்க வேண்டும் என்று அக்குழு 2024-இல் முடிவு செய்தது. மற்ற மாநிலங்களின் சட்டமன்றங்களும் இதைக் கவனித்திருக்கும்.

கதவைத் திறந்து வைப்பது நடைமுறையில் எப்படி?

ஆண்டுதோறும் ஏற்றி இறக்கினால், பெரும் கடன் வாங்கி மைதானம் கட்டிய பல்கலைக்கழகம் ஒரு மோசமான சீசனில் திவாலாகும். அதனால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு ஆண்டுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து, கீழே உள்ள சிலரை மேலே உள்ள சிலருடன் மாற்றலாம். இறங்குபவருக்கு ஓரிரு ஆண்டு ஈட்டுத்தொகை தரலாம். அளவுகோல் களத்தில் பெற்ற வெற்றியாக இருக்க வேண்டும். தொலைக்காட்சி பார்வையாளர் எண்ணிக்கையை அளவுகோலாக்கினால் பழைய பெயர்களே என்றும் மேலே இருக்கும். 2024 திட்டம் எழுபது பேருக்கு நிரந்தர இடம் தந்து, மீதிப் பத்தை மட்டும் சுழலவிட்டது. அது திசையில் சரி, அளவில் போதாது.

எந்தக் காலத்தில் முடிவு வரும்?

ஒப்பந்தங்களின் முடிவுத் தேதிகளைப் பார்த்தால் போதும். பிக் டென்னின் ஒப்பந்தம் 2029-30 சீசனோடு முடிகிறது. ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் தொடுத்த வழக்குகள் 2025 மார்ச்சில் சமரசமானபோது, ஏசிசியை விட்டு விலகுவதற்கான கட்டணம் 2030-31-இல் 7.5 கோடி டாலராகக் குறையும்படி ஏற்பாடாயிற்று. பிளேஆஃப் ஒப்பந்தம் 2031-32-இல் முடிகிறது. இவற்றுக்கு இடையில், பிக் டென்னில் 240 கோடி டாலர் வெளிமுதலீட்டைக் கொண்டுவரும் யோசனைக்கு மிச்சிகனும் யுஎஸ்சியும் உடன்படாததால் அது 2025 இறுதியில் நிறுத்திவைக்கப்பட்டது. அப்படி ஒரு முதலீடு நுழைந்தால், உறுப்பினர் பட்டியலைத் திறந்து வைக்கச் சம்மதிக்கும் கைகள் இன்னும் குறைந்துவிடும்.